சாயத் தண்ணீரைச் சுத்தமாக்க பாக்டீரியா: தெரிந்தவர்கள் உதவுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மருதமுனையில் கைத்தறி நூலுக்கு வீட்டிலேயே சாயம் போடுகிறோம். அலசிய தண்ணீர் கருஞ்சிவப்பாக வளவுக்குள் இறங்குகிறது. மணல் தரை, கிணறும் பக்கத்தில்தான்.

காற்றுப் புகாத தொட்டியில் பாக்டீரியா அசோ சாயத்தின் (இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பிணைப்பு உள்ள சாயம்) அந்த நைட்ரஜன் பிணைப்பை உடைக்கும், நிறமும் போய்விடும். ஆனால் அப்போது உண்டாகும் அரோமாட்டிக் அமீன்கள் எனும் நைட்ரஜன் சேர்ந்த இரசாயனங்களில் சில சாயத்தை விட நஞ்சு; அவை சிதைய அடுத்த தொட்டியில் காற்று ஊட்டியே ஆக வேண்டும். நிறம் தெளிந்தது போதும் என்று திறந்துவிட எனக்கு மனமில்லை.

சிக்கல் உப்புதான். நூலோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்பு அள்ளிப் போடுகிறோம். சாணக் கரைசல் பாக்டீரியா அதைத் தாங்குமா? களப்புச் சேற்றில் தொடங்கினால் சரிவருமா? வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), சம்மாந்துறை (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) விஞ்ஞான பீடங்களில் படித்தவர்கள் சொல்லுங்கள். அமீன் பரிசோதனை எங்கே செய்யலாம்? தண்ணீர் மாதிரியை நானே கொண்டுவந்து தருவேன்.