கணித நாளுக்கு ராமானுஜனைத் தவிர வேறு யாரைச் சொல்லலாம்?

பாலக்கோடு டீச்சர்:
டிசம்பர் 22 வருகிறது. எட்டாம் வகுப்பில் நான் "டாக்ஸி" என்று வாயெடுத்தாலே பிள்ளைகள் ராமானுஜனின் டாக்ஸி எண் 1729 என்று கோரஸ் பாடுகிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் வேறு யாராவது உண்டா? கிடைப்பது ஒரே ஒரு பீரியட்.

ஓசூர்க்காரன்:
கப்ரேகர் இருக்கிறாரே, 6174 என்ற விந்தை எண்ணைக் கண்டவர்! அவரும் தேவளாலியில் பள்ளிக்கூட வாத்தியார்தான். ஆனால் தமிழர் இல்லை.

அரூர் பழைய வாத்தியார்:
எஸ். எஸ். பிள்ளையைச் சொல்லுங்கள் டீச்சர். முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்தியவன் நான். கடைசி ஆறு வருடம்தான் இவரைச் சொன்னேன். அதுவரை எனக்கே தெரியாது.

1901இல் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். பிறந்து ஒரு வருடத்தில் தாய் போய்விட்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்னே தகப்பனாரும் போய்விட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். நாகர்கோவில், திருவனந்தபுரம், அப்புறம் சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. 1941 வரை அங்கேதான்.

இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் புளியங்கொட்டையை எடுங்கள். நம்ம பக்கம் அதற்கா பஞ்சம்? ஆளுக்கு ஏழு கொட்டை. சதுரம் சதுரமாக அடுக்கணும், எத்தனை குறைவான சதுரம் முடியுமோ அத்தனை. ஒற்றைக் கொட்டையும் சதுரம்தான். 4, 1, 1, 1. நான்குக்குக் கீழே இறங்காது. எவ்வளவு பெரிய எண்ணுக்கும் நான்கு வர்க்கம் போதும் என்று 1770லேயே லக்ராஞ்சு நிரூபித்துவிட்டார். கனம் (1, 8, 27 மாதிரி மூன்றாம் படி) என்றால் ஒன்பது வரை வேண்டும்: 23ஐ எடுத்தால் இரண்டு 8, ஏழு 1.

இப்போது ஆறாம் படி, அதாவது ஓர் எண்ணை ஆறு தடவை போட்டுப் பெருக்கினால் வருவது. போர்டில் 703 எழுதுங்கள். மூன்றின் ஆறாம் படி 729, தாண்டிவிட்டது. கையில் இருப்பது இரண்டின் ஆறாம் படி 64ம், 1ம் மட்டும். பத்து 64 போக மிச்சம் 63. ஆக மொத்தம் 73. இதைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். உலகத்தில் எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது என்று 1940இல் நிரூபித்தவர்தான் பிள்ளை. அந்த "எந்த எண்ணுக்கும்" இருக்கிறதே, அங்கேதான் மூச்சு வாங்கும்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ பக்கம் விமான விபத்தில் இறந்தார். வயது 49. ஒரு வருடம் வகுப்பில் இதை விலாவாரியாகச் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டால் விமானம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது, 73 போயே போச்சு. அதிலிருந்து யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்.

ஓசூர்க்காரன்:
ஒரு நிமிஷம் சார். 704 என்றால் பதினொரு 64 சரியாக வந்துவிடுகிறது. 703க்கு 73, ஒன்று கூட்டினால் வெறும் 11ஆ?

அரூர் பழைய வாத்தியார்:
ஆமாம் தம்பி. அதைப் பார்த்து நீங்கள் முழித்தீர்கள் பாருங்கள், அந்த முழியைத்தான் வகுப்பில் பார்க்கணும்.

பாலக்கோடு டீச்சர்:
நடத்திவிட்டேன் சார். கொட்டையில் பாதி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, பியூன் அண்ணன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். 704ஐயும் போட்டுக் காட்டினேன். ஆனால் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மூணு சொன்னீங்க, ஆறு சொன்னீங்க, நாலும் அஞ்சும் எங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்து வந்திருக்கிறேன்.

அரூர் பழைய வாத்தியார்:
கெட்டிக்காரி! ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு பிள்ளையும் அதைக் கேட்கவில்லை. அவை ஆறைவிட அடம்பிடித்தவை. ஐந்தாம் படிக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தது 1964இல்தான், பிள்ளை இறந்து பதினான்கு வருடம் கழித்து. நான்காம் படிக்கு 19. அது 1986 வரை இழுத்தது. முடித்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பிரான்சுக்காரர்கள், இன்னொருவர் நம்ம ஆர். பாலசுப்பிரமணியன். அவளிடம் 79ஐக் கொடுத்து, 16ம் 1ம் வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.