[கலைச்சொல்] அக்காமடேஷனுக்குத் தமிழ்ல என்ன போடறது? வெள்ளிக்குள்ள வேணும்

பெடோக், திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். இங்க சிங்கப்பூர்ல ஒரு யூனியில (பல்கலைக்கழகத்துல) உடற்குறை, கற்றல் சிரமம் இருக்கிற மாணவர்களுக்கு உதவுற பிரிவு, பெற்றோருக்காக நாலு மொழியில ஒரு கையேடு போடுது. தமிழ்ப் பக்கத்த நானும் இன்னும் ரெண்டு தொண்டூழியர்களும் பாக்குறோம். வெள்ளி சாயங்காலம் அச்சுக்குப் போகணும். மத்ததெல்லாம் ஒருமாதிரி முடிஞ்சிடுச்சு, 'ரீசனபிள் அக்காமடேஷன்', அதாவது அந்த மாணவர்களுக்குத் தேவைப்படுறபடி யூனி செஞ்சு தர்ற மாத்தம், அது மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

மெஷின்ல போட்டா 'நியாயமான தங்குமிடம்'னு வருது. முதல் வரைவுல அதை யாரும் கவனிக்கல, அப்படியே போயிடுச்சு, படிச்ச ஒரு அம்மா போன் போட்டு ஹாஸ்டல் வாடகை எவ்வளவுன்னு கேட்டாங்க. சரின்னு அதை மாத்தி 'சலுகைகள்'னு போட்டோம். அது அதைவிட மோசமாப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், டிஸ்லெக்சியா, ஸ்கூல்ல படிக்கிறப்ப பரீட்சையில கூடுதல் நேரம் வாங்கித்தான் எழுதினான். யூனிக்கு வந்ததும் அப்பா இந்த வரைவப் பாத்துட்டு, "சலுகையில பாஸ் பண்ணி என்ன பெருமை, எல்லார் மாதிரியும் எழுது"ன்னு சொல்லிட்டார். அவன் விண்ணப்பமே போடல, முதல் செமஸ்டர்ல ரெண்டு பாடம் போச்சு. அப்பா கெட்டவர் இல்லீங்க, மகன் தலை நிமிந்து நிக்கணும்னு நினைக்கிறவர். நாங்க போட்ட சொல்லுதான் அவரத் தப்பான பக்கம் தள்ளிடுச்சு. அந்த வரைவுல என் கையும் இருக்கு, அதனாலதான் தூக்கம் வரல.

சொல்லு எதுக்கெல்லாம் பொருந்தணும்னா: பரீட்சையில கூடுதல் நேரம், தனி அறை, பெரிய எழுத்துல கேள்வித்தாள், குறிப்பெடுக்க ஒரு ஆள், சைகைமொழிபெயர்ப்பாளர், சக்கர நாற்காலி போற மாதிரி டியூட்டோரியல் ரூம மாத்தித் தர்றது. 'அணுகல்தன்மை'ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அது அக்ஸசிபிலிட்டிக்கு (யாரும் தடையில்லாம வந்து பயன்படுத்துற மாதிரி இருக்கிறதுக்கு) ஏற்கனவே போட்டாச்சு.

தோ பாயோ, செவ்வாய் காலை

அன்புத் தங்கைக்கு. நல்ல கேள்வி. ஆனா அந்த 'அணுகல்தன்மை'யையே ஒருமுறை திரும்பப் பாக்கணும்னு தோணுது. 'தன்மை'ங்கிற ஒட்டு தேவையே இல்ல, 'அணுக்கம்' போதும். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க'ன்னு குறள் 691ல வருதே, அந்த அணுகுதான். தஞ்சைப் பெரிய கோயில்ல 'திருவணுக்கன் திருவாயில்'னு ஒரு வாசலுக்குப் பேரு. வாசலையும் அணுக்கத்தையும் ஒண்ணா வச்சு நம்ம ஆளுங்க ஆயிரம் வருஷம் முன்னாடியே பேர் வச்சுட்டாங்க. சாய்தளம், லிஃப்ட் பத்தின கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்க கிடைக்கும்?

இனி நீங்க கேட்டது. என் பரிந்துரை 'நிரவல்'. மேடு பள்ளத்தச் சமமாக்குறது நிரவுறது. நிரை, நிரல், நிரப்பு, நிரம்பு எல்லாம் ஒரே வேர்க் கூட்டம்னுதான் நான் நினைக்கிறேன். ஆநிரை வரிசையா நடந்ததால நிரை, யாப்புல நிரையசை, இன்னைக்குக் கணினியில ப்ரோகிராமுக்கு நிரல். ஒரு மாணவன் நிக்கிற தரை பள்ளமா இருந்தா அவன மேல இழுக்க வேணாம், தரைய நிரவினாப் போதும். அந்தக் கருத்து முழுசும் இந்த ஒரே சொல்லுல இருக்கு.

புதுசா இருக்கே, புரியுமான்னு கேப்பீங்க. இன்டர்நெட்டுக்கு 'இணையம்'னு நம்ம சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி சொன்னப்பவும் இப்படித்தான் கேட்டாங்க. 1997ல இங்க சிங்கப்பூர்ல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல நான் உக்காந்திருந்தேன், எத்தனை பேர் முகம் சுளிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப அந்தச் சொல் இல்லாம ஒரு நாள் ஓடுமா?

செங்காங், செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்கணும். 'நிரப்பு'க்குக் குறள்லயே வறுமைன்னு பொருள் இருக்கு, 'நெருநலும் கொன்றது போலும் நிரப்பு', 1048. அந்த வேர்க் கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தா அதுவும் கூடவே வரும். அதோட நிரவல்னா இங்க பாதிப் பேருக்குக் கச்சேரியில ஒரு வரியையே விரிச்சு விரிச்சுப் பாடுறதுதான் ஞாபகம் வரும். நான் முப்பது வருஷமா வகுப்புல தமிழ் சொல்லிக் குடுக்கிறேன், நல்ல சொல்லு வரணும்னு எனக்கும் ஆசை இருக்கு. ஆனா இந்தக் கையேட்டப் படிக்கப் போறது புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல உக்காந்திருக்கிற ஒரு அம்மா, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த ஒரு அப்பா. ஒரு தடவ படிச்சதும் புரியலன்னா மடிச்சு வச்சுடுவாங்க, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமப் போயிடும்.

பெடோக் அக்கா சொன்ன 'சலுகை' விஷயத்துல நான் முழுசா ஒத்துப்போறேன். சலுகைன்னா குடுக்கிறவர் மனசு வச்சாக் குடுக்கலாம், வைக்கலன்னா இல்ல. இது அப்படி இல்லையே. ஐநாவோட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம் 2006ல வந்தது, சிங்கப்பூர் 2013ல அதை ஏத்துக்கிச்சு. இந்தச் சொல்லுக்கான விளக்கமே அதுல ரெண்டாவது விதியில இருக்கு: குறிப்பிட்ட ஒருத்தருக்குத் தேவைப்படுற, தேவையான அளவு மாத்தம், அதைச் செய்றவங்களுக்கு அளவுக்கு மீறின சுமை ஆகாத மாதிரி. அந்தக் கடைசிப் பகுதிதான் 'ரீசனபிள்'. நியாயம் அநியாயம்னு நீதிமன்றப் பேச்சு இல்ல அது, தகுந்த அளவுன்னு அர்த்தம். என் ஓட்டு 'ஏற்பாடு'க்கு. கல்யாண ஏற்பாடுன்னா எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைத் தர்மம்னு நினைக்க மாட்டாங்க.

ஜூரோங், செவ்வாய் இரவு

வணக்கம், நான் தஞ்சாவூர்க்காரன், வேலைக்காக இங்க வந்து ஏழு வருஷம் ஆச்சு. டீச்சர் போகிற போக்குல 'மாற்றுத்திறனாளி'ன்னு எழுதிட்டாங்க, பெடோக் அக்கா 'உடற்குறை'ன்னு எழுதியிருக்காங்க. ஊர்ல 'உடற்குறை'ன்னு இப்ப யாராவது சொன்னாச் சண்டைக்கு வருவாங்க, அங்க கலைஞர் காலத்துல அரசாங்கமே மாற்றுத்திறனாளின்னு மாத்தியாச்சு. இங்க செய்தித்தாள்லயே உடற்குறையுள்ளோர்னு படிச்சப்ப எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. டிஸ்லெக்சியாவும் ஆட்டிசமும் எந்த உடல்ல வருது? அந்தச் சொல்லு அவங்கள வெளியிலயே நிறுத்திடுதே.

அக்காமடேஷனுக்குத் 'தகவமைப்பு' எப்படி? தகவுக்கு ஏத்த அமைப்பு. பாடப்புத்தகத்துல இருக்கிற சொல்லுதான், புதுசாப் பழக்க வேண்டியதில்ல.

செங்காங், செவ்வாய் இரவு

தம்பி, பாடப்புத்தகத்துல அது எந்தப் பாடத்துல இருக்குன்னு யோசிங்க. ஒட்டகத்துக்குத் திமில், மீனுக்குச் செதில். சூழலுக்கு ஏத்த மாதிரி உயிர் தன்னை மாத்திக்கிறதுக்குப் பேருதான் தகவமைப்பு. இங்க மாற வேண்டியது அந்தப் பிள்ளையா? யூனிதான் மாறணும். அந்தச் சொல்லப் போட்டோம்னா பாரத்த அப்படியே தூக்கி மாணவர் தலையில வச்ச மாதிரி ஆயிடும்.

உடற்குறை பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா இங்க பழக்கத்துல இருக்கிற சொல்ல வெள்ளிக்குள்ள மாத்த முடியாது. 'மாற்று'ன்னு சொல்றதப் பிடிக்காத மாற்றுத்திறனாளிகளும் எனக்குத் தெரிஞ்சவங்கள்லயே இருக்காங்க.

தோ பாயோ, புதன் காலை

தகவமைப்பு பத்தி டீச்சர் சொன்னது அருமையான வாதம், தலை வணங்குறேன். ஆனா அதே வாதம் என் பக்கமும் நிக்குது பாருங்க. நிரவுறது தரையைத்தான், ஆள இல்ல! நிரப்புக்கு வறுமைன்னு பொருள் வந்தது மங்கல வழக்கா இருக்கலாம்ங்கிறது என் எண்ணம், விளக்க அணைக்கிறப்ப 'மலையேத்து'ன்னு சொல்றோமே அந்த மாதிரி. நிரம்பாததுக்கு நிரப்புன்னு பேரு.

நிரவல் வேணாம்னா 'ஒப்புரவு' இருக்கு, மத்தவங்களுக்கு உதவி வாழறது. வள்ளுவர் ஒரு அதிகாரமே வச்சிருக்கார். இன்னொண்ணும் சொல்லணும். புறநானூறு 28ல சிதடு (குருடு), கூன், குறள் (குள்ளம்), ஊம் (ஊமை), செவிடுன்னு அடுக்கி 'எண்பேர் எச்சம்'னு முதுகண்ணன் சாத்தனார் பாடுறார். பிறவியிலேயே பயன் இல்லாமப் போச்சுங்கிற தொனி அதுல. வள்ளுவர் பாருங்க, 618ல 'பொறியின்மை யார்க்கும் பழியன்று'ன்னு திருப்பிப் போட்டுடறார். பரிமேலழகர் பொறின்னா விதின்னு எழுதிட்டார். உறுப்புன்னு பொருள் கொள்றவங்களும் உண்டு, நான் அந்தப் பக்கம். கையேட்டோட முதல் பக்கத்துல இந்தக் குறளப் போட்டா என்ன?

சிராங்கூன், புதன் மதியம்

ஐயா, நாங்க கத்தோலிக்கர். எங்களுக்கு ஒப்புரவுன்னா பாவசங்கீர்த்தனம், 'ஒப்புரவு அருட்சாதனம்'னுதான் கோயில்ல சொல்வோம். "ஒப்புரவுக்கு விண்ணப்பிக்கவும்"னு யூனி கையேட்டுல பாத்தா என் அம்மா பிள்ளை ஏதோ தப்புப் பண்ணிட்டான்னு பயந்துடுவாங்க. தயவுசெஞ்சு வேணாம்.

கிளமெண்டி, புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் மூணாவது வருஷம் படிக்கிறேன், எனக்குப் பார்வை இல்ல. இந்தக் குழுவுல ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதினது இல்ல. பெடோக் அக்கா திங்கக்கிழமை இணைச்ச வரைவத் திறந்தேன், திரையில இருக்கிறத வாசிச்சுச் சொல்ற என் ஸ்கிரீன் ரீடர் ஒண்ணுமே படிக்கல. அது படம். தமிழ்ப் பக்கத்த யாரோ படமா ஒட்டியிருக்காங்க. அப்புறம் வேர்ட் கோப்பக் கேட்டு வாங்கினேன், அது பாமினி எழுத்துருவுல இருக்கு, ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் வடிவத்தப் போட்டுக் காட்டுற பழைய எழுத்துரு. பாமினியில 'தமிழ்'ங்கிற சொல்லு என் காதுக்கு எப்படி வரும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, செமிகோலன். நாப்பது பக்கமும் அப்படித்தான் இருக்கு. அணுகல்தன்மையா அணுக்கமான்னு நீங்க எல்லாரும் ரெண்டு நாளா பேசுறதப் படிச்சுக்கிட்டு இருந்தேன், அந்தச் சொல்லு இருக்கிற பக்கத்த என்னால அணுகவே முடியல. கோபத்துல சொல்லல, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது யூனிகோடுக்கு மாத்திடுங்க, பிடிஎஃப் பண்றப்ப தலைப்புகளத் தலைப்பாவே குறிச்சு வைங்க, எனக்கு அதுல தாவித் தாவிப் படிக்கத்தான் வசதி.

சொல்லப் பத்தியும் ஒண்ணு. அக்ஸசிபிலிட்டியும் அக்காமடேஷனும் வேற வேறன்னு கையேட்டுல ஒரு வரி கண்டிப்பா வேணும். முதல்ல சொன்னது யாரும் கேக்காமலே, யாரும் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு வைக்கிறது. ரெண்டாவது, ஒருத்தர் வந்து எனக்கு இது வேணும்னு சொன்னதும் அவருக்காகச் செய்றது. 1987ல எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பிச்சப்ப ஸ்டேஷன்ல லிஃப்ட் இல்லன்னு அப்பா சொல்லுவார், பின்னாடிதான் ஒவ்வொண்ணா வச்சாங்க. இப்ப லிஃப்ட்ட யாரும் கேட்டு வாங்கறது இல்ல, அது பாட்டுக்கு இருக்கு, பிள்ளைய ஸ்ட்ரோலர்ல வச்சுத் தள்றவங்களும் அதுலதான் போறாங்க. ஆனா எனக்குப் புள்ளியியல் வரைபடத்தத் தொட்டுப் பாக்குற மாதிரி புடைப்பாப் போட்டுக் குடுங்கன்னு நான் வாயத் திறந்து கேட்டாத்தான் கிடைக்கும். கேக்கணும்னு தெரியாததால முதல் வருஷம் பூரா கேக்காம இருந்தேன். அதனால அந்தச் சொல்லப் படிச்சதும் இதைக் கேக்கலாம்னு ஒரு தைரியம் வரணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். 'சலுகை'யக் கேக்கக் கூச்சமா இருக்கும். 'ஏற்பாடு' பண்ணித் தாங்கன்னு நான் கேப்பேன்.

சொற்களச் சேத்து நீளமா எழுதாதீங்க. நான் சொல் சொல்லா நகர்ந்து படிக்கிறப்ப சேத்து எழுதினது ஒரே மூச்சுல வந்துடும், புரியலன்னா எழுத்து எழுத்தாத் திரும்பப் போய்க் கேக்கணும். நடுவுல இடைவெளி விடுங்க.

பெடோக், வியாழன் பின்னிரவு

தங்கச்சி, உன் மடலப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் தோணாம உக்காந்திருந்தேன். மன்னிச்சுக்கம்மா. அந்தப் படம் நான் ஒட்டினதுதான், எழுத்துரு உடையாம இருக்கட்டும்னு செஞ்சேன். ஜூரோங் தம்பி நேத்து ராத்திரியே உக்காந்து எழுத்துருவ மாத்துற மென்பொருள்ல அத்தனையும் யூனிகோடுக்கு மாத்திக் குடுத்துட்டார், தலைப்புகளும் குறிச்சாச்சு. இப்ப அனுப்புறேன், படிச்சுப் பாத்துட்டு நீ சரின்னு சொன்னப்புறம்தான் அச்சுக்குப் போகும்.

சொல்லு: 'தக்க ஏற்பாடு'. ரெண்டு சொல்லா, நடுவுல இடைவெளியோட. டீச்சர், ஜூரோங் தம்பி, சிராங்கூன் அண்ணன், தங்கச்சி, நான் இந்தப் பக்கம். 'தக்க'ங்கிறதுல அளவும் வருது, தகுதியும் வருது. முதல் தடவ வர்ற இடத்துல, "இது சலுகை அல்ல. மாணவர் கேட்டால் பல்கலைக்கழகம் அவருக்காகச் செய்ய வேண்டிய மாற்றம்"னு கட்டம் கட்டிப் போட்டிருக்கோம். அணுகல்தன்மைய மாத்தல. குறள் 618 வேணாம்னு விட்டுட்டோம் ஐயா, பழின்னு ஒரு சொல்லு முதல் பக்கத்துல கண்ணுல பட வேணாம்னு டீச்சர் சொன்னது எனக்குச் சரின்னு பட்டுது. அந்தப் பையனோட அப்பாகிட்ட இந்தப் பக்கத்த நாளைக்கு நானே கொண்டுபோய்க் காட்டப் போறேன்.

தோ பாயோ, வெள்ளி காலை

பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுறேன். அந்தப் பிள்ளை எழுதினத ரெண்டு முறை படிச்சேன், நாப்பது வருஷமாத் தமிழுக்கு உழைக்கிறேன்னு நினைச்சவன், என் பழைய கட்டுரைங்க எல்லாம் பாமினியிலதான் கிடக்குது. அதுங்கள மாத்துறது எப்படின்னு ஜூரோங் தம்பி எனக்குச் சொல்லித் தரணும்.

ஆனா 'ஏற்பாடு'ங்கிறது பொதுச்சொல், கலைச்சொல் ஆகாது. பந்தலும் ஏற்பாடு, பஸ்ஸும் ஏற்பாடு. அடுத்த பதிப்பு வர்றப்ப நிரவலத் திரும்ப எடுக்கணும்னு இங்கயே பதிஞ்சு வைக்கிறேன். நிரவு, நிரப்பு பத்தி டீச்சருக்கு ஒரு தனி மடல் எழுதிக்கிட்டு இருக்கேன், இன்னும் முடியல.