கோவா டிக்கெட்டு: ஜி.ஓ.ஐயா, ஜி.ஓ.எக்ஸா?

குழு: மேலத்தெரு சொந்தங்கள்

செல்வி சித்தி: கோவாவுல வாஸ்கோ ஊர் கல்யாணத்துக்கு டிக்கெட்டு பாக்குதோம். திருவனந்தபுரத்துல ஏறி பெங்களூர்ல மாறணும். கோவான்னு போட்டா ரெண்டு ஏர்போர்ட்டு காட்டுது. ரெண்டும் ஒண்ணுதானா?

ராஜா: இல்ல சித்தி. ஜி.ஓ.ஐ-ன்னா டபோலிம், வாஸ்கோவை ஒட்டி. ஜி.ஓ.எக்ஸ்-ன்னா மோப்பா, வடக்கே மகாராஷ்டிரா எல்லைப் பக்கம், 2023 ஜனவரியில இருந்துதான் ஓடுது. நடுவுல 60 கிலோமீட்டருக்கு மேல ரோடு. ஆயிரம் ரூவா கொறையுதேன்னு மோப்பாவ அமுக்கிராதிய, டாக்சிக்காரன் வாங்கிருவான்.

செல்வி சித்தி: டபோலிமுக்குக் காலையில வசதியா ஒண்ணும் காணலியே?

நேவி மாமா: அது நேவி தளம்மா, ஐ.என்.எஸ். ஹன்சா. போர்ச்சுகீசியன் கட்டுனது. 1961 டிசம்பர்ல கோவா நம்ம கைக்கு வந்துச்சு, மறுவருசம் நேவி எடுத்துக்கிட்டு. ஓடுபாதையும், விமானத்துக்கு ஏற எறங்க உத்தரவு குடுக்க ஏடிசியும் நேவி கையில. பயணிகள் பக்கம் டெர்மினலும் விமானம் நிறுத்துற இடமுந்தான். குடக்கூலி இருக்கவன் கிணத்துல தண்ணி எறைக்கணும்னா வீட்டுக்காரங்கிட்ட நேரம் கேக்கணும்லா? திங்கள்ல இருந்து வெள்ளி வரை காலை 8:30ல இருந்து மதியம் 12:30 வாக்குல வரைக்கும் பயிற்சிக்குன்னு ரொம்ப காலமா ஒதுக்குன நேரம். அதுக்குப் பொறவு எல்லாக் கம்பெனியும் ஒண்ணா வந்து முட்டுவான்.

பிரியா: என்ன பயிற்சி மாமா?

நேவி மாமா: மிக்-29கே. கப்பல்ல எறங்குற போர் விமானம். கப்பல் மேல்தளத்தோட முகப்பு மாதிரி மேல் நோக்கி வளைஞ்ச மேடை ஒண்ணு அங்கன தரையிலயே கட்டி வச்சிருக்கு. எறங்கும்போது வால் பக்கத்துக் கொக்கி குறுக்கே கெடக்க கம்பியில மாட்டி இழுத்து நிறுத்தும். கப்பலுக்குப் போகு முன்னால பழகுறது இதுலதான்.

ராஜா: ஓடுபாதை ஒண்ணே ஒண்ணு, 08/26, சுமார் 3,400 மீட்டர். 2018 ஜனவரியில ஒரு மிக்-29கே பாதையை விட்டு வெலகித் தீப்பிடிச்சுது. விமானி தப்பிச்சாரு, ஆனா ஓடுபாதையை மூடிட்டாவ. டயர் வெடிச்சாக்கூட அப்படித்தான்: வண்டியை இழுத்து, ரப்பர் துண்டு, கல்லு, ஆணி எல்லாம் பொறுக்கி, ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாதான் அடுத்தது எறங்கும். ஒரு சின்னக் கல்லு எஞ்சினுக்குள்ள போனாலும் பிளேடு போச்சு. அதுவரைக்கும் மேல சுத்துவான், எண்ணெய் கணக்கு ஒதைச்சா வேற ஊருக்குத் திருப்பிருவான். அதனால ரெண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆர்.ல, அதாவது ஒரே டிக்கெட்டு நம்பர்ல போடுங்க. தனித்தனியா எடுத்து, வாறது பிந்திப் போய் ரெண்டாவதை விட்டியன்னா துட்டு போச்சு.

கார்த்தி: எறங்கும்போது ரீல் எடுக்கலாமா?

நேவி மாமா: ஏலே, போனை பைக்குள்ள போடு. ராணுவத் தளத்துல எறங்கும்போதும் ஏறும்போதும் வெளிய படம் எடுக்கக் கூடாது. விமானத்துக்கும் டெர்மினலுக்கும் நடுவுல பஸ்ல போறப்பவும் அதேதான். நம்ம விஜயநாராயணத்துல நேவி தளம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் வாசல்ல நின்னு எடுப்பியா? அதே சட்டம். ஜன்னலை மூடச் சொன்னா மூடிரு. 2025 மே மாசம் ராணுவத் தளங்கள்ல 10,000 அடிக்குக் கீழ மூடணும்னு உத்தரவே வந்துச்சு, அவசர வழி ஜன்னலுக்கு மட்டும் விலக்கு.

கார்த்தி: அப்ப ஜன்னல் சீட்டுக்கு எதுக்கு எச்சா துட்டு 😒

பிரியா: நடு சீட்டை எடுத்துக்கோ. அல்வா டப்பாவ மடியில வச்சிட்டு வா.

செல்வி சித்தி: சித்தப்பா திரும்பி வாறதுக்கு நேத்தே போட்டுட்டாவளாம். இப்பப் பாத்தா ஜி.ஓ.எக்ஸ். சாயங்காலம் 5:40.

ராஜா: நேத்துதான போட்டாவ, கம்பெனி ஆப்ல மாத்த முடியுதான்னு இப்பவே பாருங்க. முடியலன்னா வாஸ்கோவுல 1 மணிக்கே கெளம்பிருங்க. சுவாரி பாலம், பொறவு பணஜியில மாண்டவி பாலம், ரெண்டு மணி நேரம் வைங்க. மோப்பாவுக்குக் கதம்பா பஸ், அதான் கோவா அரசு பஸ், பணஜியில இருந்தும் மட்காவ்ல இருந்தும் உண்டு.

செல்வி சித்தி: சித்தப்பாவ எழுப்புதேன்.