இந்திரலோகம் என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்

நம் மலேசியாவில் எடுத்த கார்ட்டூன் படத்தைக் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். முதலில் என் கதை.

2019 மார்ச், பள்ளி விடுமுறை. ‘உப்பின் இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்’ அப்போதுதான் வந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பிடிவாதம். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மாவையும் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போனேன். கெடா மாநிலத்தில் பாலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது பால் எடுக்கப் பட்டையைச் சீவியவர். தியேட்டர் குளிருக்குத் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு, படம் தொடங்கும் முன்பே தூங்க ஆயத்தமாகிவிட்டார்.

படத்தில் கிராமத்துத் தாத்தா தோக் டாலாங் வீட்டில், உப்பின், இப்பின் என்ற இரட்டைப் பையன்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு பழைய கிரிஸ் கத்தி கிடைக்கிறது. அது அவர்களை வேறொரு ராஜ்ஜியத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அதன் பெயர் இந்திராலோக்கா. அம்மா துண்டை விலக்கிவிட்டுக் கேட்டார்: “என்னடா சொன்னான், இந்திரலோகமா?” அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது! அவருக்கு சப்டைட்டில் படிக்க வராது. தெரிந்தது தோட்டத்தில் பழகிய பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

வில்லன் ராஜா பெர்சியோங் வந்ததும் என் கையைக் கிள்ளினார். “டேய், இது நம்ம பாலிங் ராஜாடா!” எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், காரில் முழுக் கதையும் வந்தது. கூடவே மரம் வெட்டிய ஒரு மலாய்க்கார அக்கா சொன்னதாம். சமையல்காரிக்கு விரல் வெட்டுப்பட்டு, கீரைக் கறியில் ரத்தம் சொட்டிவிட்டது. ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போய் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தான், கோரைப்பல் முளைத்தது. கடைசியில் ஓடி ஒளிந்த இடத்தில் பல்லைப் பிடுங்கி எறிந்தான். மலாயில் ‘பாலிங்’ என்றால் எறிவது, அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. நான் பிறகு தேடிப் பார்த்தேன், மேரோங் மகாவங்சா என்ற கெடா வரலாற்றுக் கதைநூலில் இந்த ராஜா இருக்கிறான். கெடா என்றால் நம் ஆட்கள் சொல்லும் கடாரம்தான்! ராஜேந்திர சோழன் படையெடுத்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், அந்த ஊரின் கதையை எனக்குச் சொல்ல ஒரு கார்ட்டூன் படம் வரவேண்டியிருந்தது.

சின்னவன் அன்று இரவு கீரையைத் தொடவில்லை. இன்றைக்கும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறான்.

—

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ராவாங்:

என் மாணவர்களுக்குப் பிடித்தது அந்தப் படத்தில் வரும் மாட் ஜெனின். மலாய் நாட்டுக்கதையில் தேங்காய் பறிக்க மரம் ஏறியவன், விற்ற காசில் கோழி, ஆடு, கடைசியில் ராஜகுமாரி என்று கனவு கண்டுகொண்டே கையை விட்டுவிடுவான். நம் மாவுப் பானையை உதைத்தவன் கதைதானே! இரண்டையும் சொல்லிவிட்டு, என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, “மாவு கொட்டினா கூட்டிடலாம் டீச்சர். கனவு கண்டாலும் ஒரு கையாவது மரத்தைப் பிடிச்சிருக்கணும்” என்றான். அதோடு பாடத்தை முடித்துக்கொண்டேன்.

—

ஷா ஆலாம் அப்பா:

படம் நன்றாகத்தான் இருந்தது, சண்டைக் காட்சிகளும் பரவாயில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வருத்தம். மந்திர உலகத்துக்குப் போகும் கூட்டத்தில் இரட்டையரின் நண்பர்கள் ஜர்ஜிட் இருக்கிறான், மெய் மெய் இருக்கிறாள், முத்து அங்கிள் மகன் ராஜு இல்லை. 2009-இல் வந்த இவர்களின் முதல் படமான ‘கெங்’கில் மிருகங்களோடு பேசுகிற பையனே அவன்தான்! ராஜு எங்கே என்று என் மகள் இடைவேளை கூட இல்லாத படத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டாள். 2019 நவம்பரில் ‘ஏஜென் அலி’ என்ற இன்னொரு மலேசியக் கார்ட்டூன் படம் வந்தபோது ஜெனரல் ராமாவைப் பார்த்து கொஞ்சம் சமாதானமானாள். உளவுப் படைக்கே சண்டை கற்றுத்தரும் ஆள், பெயரோ ராமா. எங்கள் மாமாவுக்கும் அதே பெயர். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தால் சல்யூட்தான்.

—

மீண்டும் நான்:

டீச்சர், அந்தப் பையன் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “நெசந்தான், மரம் ஏறுனவங்களுக்குத்தான் தெரியும்” என்றார். ராஜு விஷயத்தில் அவருக்கும் கோபம் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

ராஜா பல்லை எறிந்த பக்கத்தைக் காட்டுகிறேன் என்று பேரன்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். இந்த விடுமுறைக்குப் பாலிங் போகிறோம். மதியச் சாப்பாட்டில் கீரை வேண்டாம் என்று சின்னவன் இப்போதே சொல்லிவிட்டான்.