அவசர உதவி: நாத்தெல்லாம் சாயுது, டியூலிப் கிழங்கு முளைக்கவே இல்லை

ஜன்னலோரம்
எல்லாருக்கும் வணக்கம். குழித்தட்டுல விதை போட்டேன், நல்லாத்தான் முளைச்சுது. இப்போ ஒவ்வொண்ணா சாயுது. ராத்திரி நின்ன நாத்து காலையில படுத்துக் கிடக்கு. வெளியே பாத்தியில டியூலிப், டாஃபடில் பூக்கிழங்கு வெச்சேன், டியூலிப் ஒண்ணுகூட தலை காட்டலை. வசந்தம் தொடங்கும்போதே பூவும் வேணும், காயும் வேணும்னு ரொம்ப ஆசைப்பட்டு ஆரம்பிச்சது. என்ன உரம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்க, இருக்கறதும் போயிடும் போல.

கொடிப்பந்தல்
உரம் இருக்கட்டும். என்ன விதை? தட்டு எங்கே இருக்கு, ஜன்னல்லயா விளக்கு கீழேயா? என்ன மண் கலவை? தண்ணி எப்படி ஊத்துறீங்க, மேலேயா அடியிலயா? ஒரு படம் போடுங்களேன்.

தேன்சிட்டு
இது நாற்றழுகல்தான், சந்தேகமே வேண்டாம். சமையல் பட்டையை (லவங்கப்பட்டை) பொடிச்சு மண்ணு மேல தூவுங்க. நான் எப்பவும் அதைத்தான் செய்வேன். பூஞ்சை கிட்டவே வராது.

மண்வெட்டி
இந்தக் கேள்வி வருஷா வருஷம் இதே மாசத்துல வருது. மேலே ஒட்டி வெச்சிருக்கற பதிவைப் படிச்சிட்டு வாங்க. எந்த நாடு, கடைசி உறைபனி எப்போ, மண் வெப்பம் எவ்வளவு, இந்த மூணும் இல்லாம தோட்டக் கேள்வி கேட்கக் கூடாது. நாங்க இங்கே உட்கார்ந்து எதை வெச்சுச் சொல்றது?

கொடிப்பந்தல்
மண்வெட்டி சார், புதுசா வந்தவங்க. கொஞ்சம் மெதுவா. ஆனா கேட்டது சரிதான், ஜன்னலோரம். பூமத்திய ரேகைக்கு வடக்கேயா தெற்கேயா, அதையாவது சொல்லுங்க. ஒரு பக்கம் மார்ச் வசந்தம், இன்னொரு பக்கம் இலையுதிர்காலம். பதிலே தலைகீழா மாறிடும்.

ஜன்னலோரம்
வடக்கேதான். உறைபனி ஏப்ரல் கடைசி வரைக்கும் இருக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. மண் வெப்பம் பார்த்ததில்லை. தக்காளி, லெட்யூஸ், பாலக், பட்டாணி, பான்ஸிப் பூ எல்லாம் ஒரே தட்டுல. ஹீட் மேட் (தட்டுக்கு அடியில வைக்கற சூடு பண்ற விரிப்பு) மேல இருக்கு, மூடியும் இருக்கு. ஜன்னல் கிட்ட. படம் வெச்சிருக்கேன், வெளிச்சம் கம்மி, மன்னிக்கணும்.

வேரும்விழுதும்
படத்துல தெளிவாத் தெரியலை, அதனால நீங்களே பார்த்துச் சொல்லணும். சாஞ்ச நாத்து ஒண்ணைக் குனிஞ்சு கிட்டப் பாருங்க, மண்ணும் தண்டும் சேர்ற இடத்தை. தண்டு நூல் மாதிரி இறுகி, பழுப்பா, ஈரம் ஊறினாப்ல இருந்து, விதையிலை (முளைச்சதும் முதல்ல வர்ற இலை) மட்டும் இன்னும் பச்சையா இருந்தா அது நாற்றழுகல். அந்த நாத்து திரும்பாது. தண்டு அடியில கெட்டியா, வெளுப்பா, நீளமா வளர்ந்து, ஜன்னல் பக்கமா வளைஞ்சு, கனம் தாங்காம படுத்திருந்தா அது வெளிச்சக் குறை. அதைக் காப்பாத்த வழி இருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. முதல்ல இதைப் பாருங்க.

ரெண்டுக்குமே உரம் வேண்டாம். முதல் நிஜ இலை வர்ற வரைக்கும் விதைக்குள்ள இருக்கற உணவே போதும்.

தேன்சிட்டு
எது இருந்தாலும் பட்டைத்தூள் கெடுதல் செய்யாதே, தூவட்டுமே.

வேரும்விழுதும்
கெடுதல் இல்லை தேன்சிட்டு. பூஞ்சையை அடக்கற குணம் பட்டைக்கு உண்டு, ஒத்துக்கறேன். ஆனா நாத்தைச் சாய்க்கறதுல பெரிய ஆள் பித்தியம்ங்கற கிருமி. அது பூஞ்சை வகையே இல்லை, பாசிக்கு நெருங்கின சொந்தம். தண்ணியில நீந்துற வித்து விடும். மண் சொதசொதன்னு இருந்து மேல மூடியும் இருந்தா, தூள் தூவிட்டு நிம்மதியா இருக்க முடியாது. காத்தும் ஈரமும்தான் இங்கே விஷயம். தூளைப் போட்டுட்டு மூடியை எடுக்காம விட்டுடுவாங்களோன்னுதான் பயப்படுறேன்.

மண்வெட்டி
ஹீட் மேட் எத்தனை மணி நேரம் ஓடுது? மூடியை எப்போ எடுத்தீங்க?

ஜன்னலோரம்
நாள் முழுக்க ஓடுது. மூடி இன்னும் எடுக்கலை, ஈரம் போயிடுமேன்னு. பார்த்தேன் வேரும்விழுதும். பாலக்கும் லெட்யூஸும் நீங்க சொன்ன நூல் மாதிரி. தக்காளி நீளமா வெளுப்பா வளைஞ்சிருக்கு, அடி கெட்டி. பட்டாணி நல்லா இருக்கு. பான்ஸி முளைக்கவே இல்லை.

வேரும்விழுதும்
இப்போ கேஸ் தெளிவாயிடுச்சு. மூடியை இப்பவே எடுங்க. முதல் முளை தெரிஞ்சதுமே மூடி போகணும். ஹீட் மேட்டையும் அணைச்சிடுங்க. தட்டுல இருக்கறதுல சூடு கேட்கறது தக்காளி மட்டும்தான், அதுவும் முளைக்கற வரைக்கும்தான்.

லெட்யூஸுக்குச் சூடு ஆகவே ஆகாது. மண் 27, 28 டிகிரியைத் தாண்டினா பல ரகம் விதை தூங்கிடும். பாலக் 5 டிகிரி மண்ணுலயே முளைக்கும், மெதுவா வரும், ஆனா திடமா வரும். பட்டாணியும் அப்படித்தான். இந்த மூணையும் வீட்டுக்குள்ள வளர்க்கவே தேவையில்லை. நேரா பாத்தியில போடலாம், மேல ஃப்ளீஸ்னு சொல்ற மெல்லிய தோட்டத் துணி போர்த்தினா ரெண்டு மூணு டிகிரி குளிரைத் தடுக்கும். கடைசி உறைபனிக்கு ஒரு மாசம் முன்னாடியே, மண் வேலை செய்யற பதத்துல இருந்தா போதும்.

அந்தப் பதம் எப்படித் தெரியும்னா, ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில அழுத்திப் பிடிங்க. கையை விரிச்சு, கட்டைவிரலால உருண்டையை லேசா தட்டுங்க. உதிர்ந்தா விதைக்கலாம். களிமண் உருண்டையா பளபளன்னு அப்படியே நின்னா, விரல் இடுக்குல தண்ணி கசிஞ்சா, பாத்தி பக்கமே போகாதீங்க. அந்த ஈரத்துல மிதிச்சாலோ கொத்தினாலோ மண் இறுகி, அந்தப் பருவம் முழுக்க அதோட போராடணும்.

தக்காளியைக் காப்பாத்தலாம். தனித்தனி தொட்டியில விதையிலை வரைக்கும் ஆழமா புதைச்சு நடுங்க. புதைஞ்ச தண்டுல வேர் விடும். லெட்யூஸை அப்படிப் புதைக்காதீங்க, குருத்து அழுகிடும். ஜன்னல் வெளிச்சம் பத்தாது, ஒரு விளக்கு நாத்துக்கு மேல கிட்டத்துல வெச்சு 14 மணி நேரம் எரியட்டும். தண்ணி அடித்தட்டுல ஊத்துங்க, அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கொட்டிடுங்க.

கொடிப்பந்தல்
பான்ஸிக்கு ஒரு வார்த்தை. அதுக்கு இருட்டு வேணும், மேல மண் மூடியிருக்கணும். சூடும் ஆகாது, 18, 20 டிகிரி போதும். ஹீட் மேட் மேல வெச்சா முளைக்காதது ஆச்சரியமே இல்லை. இந்த வருஷத்துக்கு நாத்தா வாங்கி நட்டுடுங்க. கொஞ்சம் கொஞ்சமா வெளிக்குளிருக்குப் பழக்கின பான்ஸி லேசான உறைபனியைத் தாங்கும்.

மண்வெட்டி
என்ன கலவைன்னு இன்னும் சொல்லலை. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் போட்டிருந்தா மேல காஞ்ச மாதிரி தெரியும், அடியில குளமா இருக்கும். நான் சொல்றது, கோகோபீட்டை நாத்துக்குத் தனியா பயன்படுத்தவே கூடாது.

தேன்சிட்டு
கோகோபீட்ல என்ன சார் குறை? நல்லா அலசி, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்து போட்டா அருமையா வருது.

மண்வெட்டி
"கலந்து"ன்னு நீங்களே சொல்றீங்க. நான் "தனியா"ன்னு எழுதினேன். படிச்சிட்டுப் பதில் போடுங்க.

கிழங்குப்பெட்டி
நாத்துக் கதை தெளிவாயிடுச்சு. டியூலிப்பை எல்லாரும் மறந்துட்டீங்க. ஜன்னலோரம், கிழங்கு எப்போ வெச்சீங்க? அதுக்கு முன்னாடி எங்கே வெச்சிருந்தீங்க?

ஜன்னலோரம்
சமீபத்துலதான். குளிர்காலக் கடைசியில தள்ளுபடியில கிடைச்சுது. சமையலறை அலமாரியில பழக்கூடை பக்கத்துல வெச்சிருந்தேன். டாஃபடில் ஏற்கெனவே நுனி விட்டிருந்தது, அது பாத்தியில வெங்காயத்துக்கு நடுநடுவே இருக்கு, அழகா இருக்கும்னு. டியூலிப் ஓரத்துல.

கிழங்குப்பெட்டி
இதுல ரெண்டு விஷயம் இருக்கு. முதலாவது, டியூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் குளிர் வேணும், 9 டிகிரிக்குக் கீழே. அதனாலதான் மண் உறையறதுக்கு முன்னாடி, இலையுதிர்காலத்துலயே, கிழங்கு உயரத்தைப் போல மூணு மடங்கு ஆழத்துல நடுறாங்க. அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கு இலை மட்டும் விடும், இல்லேன்னா மொட்டு குட்டையா மண்ணோடயே கருகிடும். பழம் பக்கத்துல இருந்தது இன்னொரு கெடுதல். ஆப்பிள் மாதிரி பழுக்கற பழம் எத்திலீன் வாயு விடும், கிழங்குக்குள்ள உருவான பூமொட்டு செத்துடும். குளிர்சாதனப் பெட்டியில கிழங்கு வெச்சாலும் பழத்தோட வைக்கக் கூடாது.

ஒண்ணைத் தோண்டி அழுத்திப் பாருங்க. கெட்டியா, கனமா இருந்தா உயிர் இருக்கு. வசந்தக் குளிர் கொஞ்சம் கிடைச்சு இலை வரலாம். பூவை இந்த வருஷம் எதிர்பார்க்க வேண்டாம். இலை தானா மஞ்சளாகற வரைக்கும் வெட்டாதீங்க, அடுத்த வருஷத்துக்கான உணவு அங்கேதான் சேருது.

ரெண்டாவது விஷயம் இதைவிடப் பெருசு. வெங்காயத்துக்கு நடுவுல டாஃபடிலா? தயவுசெய்து இன்னிக்கே பிரிங்க.

அணில்காவல்
ஏன்? டாஃபடிலை எலியும் அணிலும் தொடாது. காய்ப்பாத்தியைச் சுத்தி வேலி மாதிரி வைக்கறது நல்ல யோசனைதானே. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

கிழங்குப்பெட்டி
அணில் ஏன் தொடாதுன்னு யோசிச்சுப் பாருங்க. அதுல லைக்கோரின்னு விஷம் இருக்கு, எல்லாத்தையும் விட கிழங்குலதான் அதிகம். தோலுரிச்ச டாஃபடில் கிழங்கும் வெங்காயமும் ஒண்ணா கிடந்தா அனுபவசாலி கையே தடுமாறும். வெங்காயம்னு நினைச்சுச் சமைச்சு வாந்தியும் வயித்துவலியுமா ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு. மொட்டுத் தண்டைப் பூத்த வெங்காயத்தாள்னு நினைச்சு வாங்கிச் சாப்பிட்டவங்களும் உண்டு. வீட்டுல குழந்தையோ நாயோ இருந்தா இன்னும் கவனம்.

அணில்காவல்
வாசனையிலயே தெரிஞ்சிடுமே. வெங்காயத்துக்கு வெங்காய வாசனை வரும், டாஃபடிலுக்கு வராது.

மண்வெட்டி
ஒரே மண்ணுல வெங்காயத்தோட கிடந்தது, கையெல்லாம் வெங்காய வாசனை. எதை மோந்து எதைக் கண்டுபிடிப்பீங்க? கிழங்குப்பெட்டி சொல்றது சரி. சாப்பிடற கிழங்கும் சாப்பிடக் கூடாத கிழங்கும் ஒரே பாத்தியில கூடாது. இதுல அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லை.

அணில்காவல்
நான் வெங்காயப் பாத்தியில வைக்கலை சார். கீரைப் பாத்தியைச் சுத்தி, வேலிக்கு வெளியே. ஆனா அடுத்த வருஷம் அந்த இடத்துல பூண்டு போடலாம்னு இருந்தேன். அதை வேற இடத்துக்கு மாத்திக்கறேன். எலிக்குக் கம்பிவலை பயன்படுத்தறவங்க யாராவது கண்ணி அளவு சொல்ல முடியுமா?

கிழங்குப்பெட்டி
கிழங்குக்கு மேல ரெண்டரை செ.மீ. கண்ணி உள்ள வலையை விரிச்சு மண்ணைப் போடுங்க. தளிர் அது வழியா வந்துடும். அணிலுக்கு அது போதும். சுண்டெலி தொல்லைன்னா அதைவிடச் சின்னக் கண்ணியில கூடை மாதிரி சுத்தி வைக்கணும், அப்போ மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமா விடுங்க.

கொடிப்பந்தல்
ஜன்னலோரம், பூ இல்லைன்னு மனசு விட்டுடாதீங்க. காலெண்டுலாவும் கார்ன்ஃப்ளவரும் குளிர் மண்ணுலயே நேரா விதைக்கலாம், வசந்தக் கடைசியிலிருந்து பூக்கும். உடனே நிறம் வேணும்னா தொட்டியில மொட்டோட விக்கற பிரிமுலா வாங்கி வாசல்ல வைங்க. அழகுக்காகக் காய்ப்பாத்தி ஓரத்துல வைக்கணும்னா ஸ்வீட் பீ வைக்காதீங்க, அதோட விதையும் காயும் சாப்பிடக் கூடாது, பட்டாணிக் கொடியோட கலந்துடும். வயோலா வைங்க.

வேரும்விழுதும்
கொடிப்பந்தல் நல்ல நேரத்துல சொன்னீங்க. பட்டாணி நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்க, அதை வெளியே மாத்தும்போது வேரைக் கலைக்காம குழியில இருக்கற மண்ணோட எடுத்து வைக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வாரம், பத்து நாள், பகல்ல கொஞ்ச நேரம் வெளியே வெச்சுப் பழக்குங்க. தக்காளி மட்டும் அவசரப்படாதீங்க. உறைபனி முடிஞ்சு, ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாம இருக்கற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்.

ஜன்னலோரம்
எல்லாருக்கும் நன்றி. மூடியும் மேட்டும் எடுத்தாச்சு, அதுக்கப்புறம் புதுசா எதுவும் சாயலை. டாஃபடில் முழுக்கத் தோண்டி வாசல் பக்கம் மாத்திட்டேன், எண்ணிப் பார்த்து ஒண்ணும் விடலைன்னு உறுதி பண்ணினேன். டியூலிப் அழுத்திப் பார்த்தேன், கெட்டியா இருக்கு, சிலதுல வேர் வந்திருக்கு. பாலக் வெளியே விதைச்சாச்சு. தோண்டின இடத்துல வெங்காயம் ஆடிப்போச்சு, பரவாயில்லையா?

மண்வெட்டி
பரவாயில்லை. மண்ணை விரலால அணைச்சு, கழுத்து மூடாம விட்டு, ஒரு தண்ணி ஊத்துங்க. கலவை என்னன்னு மட்டும் இன்னும் சொல்லலை.

கிழங்குப்பெட்டி
தோண்டும்போது உடைஞ்ச கிழங்குத் துண்டு ஏதாவது அந்தப் பாத்தியில கிடக்கான்னு இன்னொரு தடவை கிளறிப் பார்த்துடுங்க. டாஃபடில் சாறு பட்டா சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க. வெங்காய அறுவடை அப்போ அந்தப் பாத்தியில வர்றதை ஒவ்வொண்ணா பார்த்து எடுங்க, சந்தேகம் வந்ததை வீசிடுங்க.