ரிஃப் என்பதற்குச் 'சுரமடக்கு': கிரீம் குழுவின் பாட்டுகளில் ஒரு சோதனை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கிடார் இசையில் வரும் ரிஃப், அதாவது பாட்டு நெடுகத் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் குறுகிய சுர வரி, என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த கேள்வியையும் அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். இசைத்துணுக்கு, மீள்சுரம், பல்லவி, கோர்வை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ரிஃப் என்றே எழுதிவிடலாம் என்பது ஐந்தாவது கருத்து. நான் முன்வைப்பது 'சுரமடக்கு'. இசையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கும் இடத்தில் வெறும் 'மடக்கு' போதும்.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாமே பொருத்தமாகத்தான் தெரியும். பாட்டில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று புரியும். அதற்காகக் கிரீம் என்ற ஆங்கிலேய ப்ளூஸ் ராக் குழுவின் பாட்டுகளை ஒரு வாரமாக மறுபடி கேட்டேன். அவர்கள் சேர்ந்து இயங்கியது 1966 ஜூலை முதல் 1968 நவம்பர் வரை, இரண்டேகால் ஆண்டு சொச்சம். தொகுப்புகள் நான்கு: ஃப்ரெஷ் கிரீம், டிஸ்ரேலி கியர்ஸ், வீல்ஸ் ஆஃப் ஃபயர், குட்பை. கையடக்கமான கணக்கு, ஆனால் ரிஃப்பின் எல்லா வகையும் இதற்குள் இருக்கிறது.

மூன்றே பேர். கிடாரில் எரிக் கிளாப்டன், பேஸ் கிடாரும் முதன்மைக் குரலும் ஜாக் புரூஸ், டிரம்ஸில் ஜிஞ்சர் பேக்கர். கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸ் குழுவிலும் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸிலும் வாசித்துப் பெயர் பெற்றிருந்தார். மற்ற இருவரும் கிரஹாம் பாண்டின் குழுவில் ஒன்றாக வாசித்து, ஒருவரோடு ஒருவர் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். புது குழு தொடங்கலாம் என்று பேக்கர் கேட்டபோது, புரூஸ் இருந்தால்தான் வருவேன் என்று கிளாப்டன் சொன்னதால் மறுபடி சேர்ந்தார்கள். மூன்று பேர் மட்டும் இருக்கும் குழுவில் பின்னணியை நிரப்பத் தனியாக ஆள் கிடையாது. கிடாரும் பேஸும் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் பாட்டு நிற்கும். அவர்களுக்கு ரிஃப் அலங்காரம் அல்ல, தூண். 'இசைத்துணுக்கு' என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். துணுக்கு என்றால் உதிர்ந்தது, ஓரத்தில் கிடப்பது என்ற பொருள் வந்துவிடும். கிடார்காரர்கள் லிக் என்று சொல்லும் சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். முதலில் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்'. 1967 ஜனவரி 29 அன்று லண்டன் சவில் அரங்கில் அமெரிக்கக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து ஜாக் புரூஸ் உருவாக்கிய ரிஃப் இது. பாட்டு வரிகளை எழுதியவர்களில் ஒருவரான கவிஞர் பீட் பிரவுன், புரூஸோடு இரவு முழுக்க விழித்திருந்து, விடியப்போகும் நேரத்தில் சன்னல் வழியாக வெளியே பார்த்து முதல் வரியைச் சொன்னார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1967 மே மாதம் நியூயார்க்கில் அட்லாண்டிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார்கள்.

என் அண்ணன் மகன் கிடார் பழகுகிறான். அவனை உட்காரவைத்து, இந்த ரிஃப்பை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்லிச் சுரம் எழுதிக்கொண்டேன். மொத்தம் பத்து சுரங்கள்:

ச ச நி ச – ப ம ம ச க ச

மேல் சட்சத்தில் தொடங்கிக் கீழ் சட்சத்தில் வந்து உட்காருகிறது. நடுவில் வரும் இரண்டு 'ம'வில் முதலாவது பிரதி மத்யமம் (உயர்ந்த ம), அடுத்தது சுத்த மத்யமம் (தாழ்ந்த ம). அந்த இடத்தில் அவன் விரல்கள் பன்னிரண்டாவது மெட்டிலிருந்து பதினொன்று, பத்து என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் வருகின்றன. (கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்பதற்கு வீணைக்காரர்களின் 'மெட்டு' கைவசம் இருக்கும்போது வேறு சொல் தேடத் தேவையில்லை.) நம் இசையில் இரண்டு மத்யமமும் எடுக்கும் ராகங்கள் பெஹாக், ஹமீர் கல்யாணி என்று சில உண்டு. இப்படி அடுத்தடுத்து வழுக்கி இறங்குவது ப்ளூஸுக்கே உரிய நிறம்.

என் வாதத்துக்கு வேண்டியது அடுத்து வருகிறது. இந்தப் பத்து சுரங்கள் முதலில் ஒரே இடத்தில் நான்கு முறை வருகின்றன. பிறகு மொத்த வடிவமும் அப்படியே மத்யமத்துக்கு ஏறுகிறது. அந்த ம-வை ஆதார சட்சமாக எண்ணிக்கொண்டால் மறுபடி அதே ச ச நி ச, அதே ப ம ம ச க ச. எழுத்து ஒன்றும் மாறவில்லை, ஆனால் காதுக்குக் கிடைக்கும் உணர்வு வேறு. முதலில் வீட்டில் இருப்பதுபோல் இருந்த வரி இப்போது வெளியே கிளம்பி நிற்கிறது. மறுபடி பழைய இடத்துக்கு வரும்போது, முதல்முறை கேட்ட அதே வரி திரும்பி வந்த வரியாகக் கேட்கிறது.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு மடக்கு நினைவுக்கு வந்தது. எழுத்துகளின் கூட்டம் ஒன்று, இடைவிட்டோ இடைவிடாமலோ திரும்ப வந்து வேறு பொருள் தந்தால் அது மடக்கு என்கிறது தண்டியலங்காரம். 'மாலை வந்தது, மாலை வாடியது' என்று நான் சொன்னால் ஒரு மாலை பொழுது, இன்னொன்று பூ. திரும்ப வருவதும் வேண்டும், வரும்போது பொருள் பெயர்வதும் வேண்டும். ரிஃப்பின் உயிர் இந்த இரண்டிலும் இருக்கிறது. 'மீள்சுரம்' முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறது. அதோடு, தனி ஒரு சுரம் திரும்ப வருவதாகவும் படிக்க இடம் கொடுக்கிறது.

'பல்லவி' ஏன் ஒத்துவராது என்பதற்கும் இதே பாட்டு சாட்சி. இதில் ரிஃப் தனி, பாட்டின் பெயர் வரும் திரும்பும் வரி தனி. அந்த வரி வரும்போது ரிஃப் நின்றுவிடுகிறது. அதைப் பல்லவி என்று சொல்வது தமிழில் எல்லோருக்கும் பழகியது. ரிஃப்பையும் பல்லவி என்றால் ஒரே பாட்டில் இரண்டு பல்லவி ஆகிவிடும். 'கோர்வை'க்குக் கச்சேரியில் வேறு வேலை இருக்கிறது. கணக்குப் பண்ணி முடித்துவைப்பது அது. ரிஃப் தொடங்கிவைத்துத் தாங்குவது.

இரண்டாவது சோதனை 'கிராஸ்ரோட்ஸ்'. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒற்றைக் கிடாரோடு பாடிப் பதிந்த பாட்டு. ஜான்சன் தனி ஆள், அதனால் மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்ப ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) நீட்டுவார், குறைப்பார். கிளாப்டன் அதை ஒழுங்கான பன்னிரண்டு ஆவர்த்தன வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஜான்சனின் கிடார் வரியை எளிமையாக்கி ரிஃப்பாக மாற்றி ஓடவிட்டார். 1968 மார்ச் 10 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் வாசித்த அந்தப் பதிவு வீல்ஸ் ஆஃப் ஃபயர் தொகுப்பில் இருக்கிறது. மிசிசிப்பிப் பாடகர் தனியாகப் பாடியதை மூன்று பேர் சேர்ந்து வாசிக்க முடிந்ததற்கு அந்த ரிஃப்தான் காரணம் என்பேன். எவ்வளவு பறந்தாலும் திரும்பி வருவதற்கு மூவருக்கும் பொதுவாக ஓர் இடம் இருந்தது. மடக்கு என்ற வினைக்கு ஓடுவதை வளைத்துத் திருப்புவது என்ற பொருளும் இருக்கிறதே, இந்தப் பாட்டில் அது அழகாகப் பொருந்துகிறது.

மூன்றாவது 'ஸ்பூன்ஃபுல்'. இங்கேதான் என் சொல்லுக்கு உண்மையான இடைஞ்சல். வில்லி டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் 1960-இல் பாடியது. கிரீமின் முதல் தொகுப்பில் ஆறரை நிமிடம், வின்டர்லேண்ட் மேடையில் 16 நிமிடத்துக்கும் மேல். இதன் ரிஃப்புக்கு அடித்தளம் க, ச என்ற இரண்டே சுரங்கள். பாட்டு முழுக்க ஆதாரமும் மாறுவதில்லை. அப்படியானால் இது பொருள் மாறாமல் திரும்ப வருவதுதானே, அணியிலக்கணப்படி சொற்பொருள் பின்வருநிலை என்றல்லவா சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைப் பல நாள் யோசித்தேன். அடியில் ஆதாரம் மாறாவிட்டாலும் மேலே குரல் மாறுகிறது, கிடார் மாறுகிறது, பேக்கரின் அடி இறுகுகிறது, தளர்கிறது. பத்தாவது நிமிடத்தில் கேட்கும் க – ச முதல் நிமிடத்தில் கேட்ட க – ச அல்ல. என்றாலும், இலக்கணத்தை நூல் பிடித்தாற்போல் பார்ப்பவருக்கு இது முழுத் திருப்தி தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உவமையாக எடுத்த சொல் எல்லா மூலையிலும் பொருந்த வேண்டும் என்று கேட்டால் எந்தக் கலைச்சொல்லும் தேறாது.

எது சுரமடக்கு அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். 'ஒயிட் ரூம்' பாட்டின் தொடக்கம் ஐந்து எண்ணிக்கையில் கனமாக வருகிறது. அதன் பிறகு பாட்டைத் தாங்குவது ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் கார்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) வரிசை. அதுவும் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் அதை யாரும் ரிஃப் என்று வாயால் முனக மாட்டார்கள். முனக முடிகிற, தனியாக அடையாளம் தெரிகிற சுர வரியாக இருக்க வேண்டும். 'சுர' என்ற முன்னொட்டை நான் வலியுறுத்துவது இதனால்தான். 'டோட்' பாட்டில் பேக்கர் வாசிக்கும் நீண்ட டிரம் தனியில் திரும்ப வரும் அடிகளையும் இந்தச் சொல் வெளியே நிறுத்திவிடும். அதற்குத் தாளக்கட்டு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

ரிஃப் தனியான உறுப்பு, அதற்கென்று ஒரு பெயர் தேவை என்பதை இன்னும் நம்பாதவர்கள் 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' பிறந்த கதையைப் பார்க்கலாம். 'லாடி மாமா' என்ற பழைய ப்ளூஸ் பாட்டை இவர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். தயாரிப்பாளர் ஃபெலிக்ஸ் பாப்பலார்டி அந்தப் பதிவை வீட்டுக்கு எடுத்துப்போய், மனைவி கெயில் காலின்ஸோடு சேர்ந்து அதன்மேல் புதிய வரிகளை எழுதிக் கொண்டுவந்தார். பாட்டு போய்விட்டது, அடியில் ஓடிய வாசிப்பு தங்கிவிட்டது. இந்தத் தங்கிய பொருளைத் தமிழில் சுட்ட இன்று நம்மிடம் சொல் இல்லை.

ஒலிபெயர்ப்பே போதும் என்ற நண்பருக்கு: ப்ளூஸ், ராக், ஜாஸ் போன்ற வகைப் பெயர்களைப் பொறுத்தவரை நானும் உங்கள் கட்சி. அவை ஒரு மக்களின் வரலாற்றோடு சேர்ந்த பெயர்கள், மொழிபெயர்த்தால் வேர் அறும். ரிஃப் அப்படியல்ல. அது ஒரு செய்முறையின் பெயர். எந்த ஊர் இசையிலும் வரும். செய்முறைக்கு நம் மொழியில் பெயர் இருந்தால்தான் அதைப் பிரித்துப் பேச, கற்றுக்கொடுக்க முடியும். தமிழில் ஃப என்ற ஒலியில் முடியும் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்ப்பதும் சிரமம். ரிஃபை, ரிஃப்பை, ரிப்பை என்று ஒரே இழையிலேயே மூன்று விதமாக எழுதியிருக்கிறோம்.

மடக்கை என்று கணக்குப் புத்தகத்தில் வருவதோடு குழம்பாதா என்ற கேள்வி வரும். லாகரிதத்துக்கு மடக்கை, இதற்கு மடக்கு. ஈறு வேறு, துறையும் வேறு. மடக்கு நாற்காலியும் ஒரு மடக்குத் தண்ணீரும் இருப்பதால்தான் அகராதியில் முழு வடிவம் சுரமடக்கு என்று இருக்கட்டும் என்கிறேன். இதிலிருந்து மற்ற சொற்களும் எளிதாகக் கிளைக்கும். பாட்டின் முதன்மையான ரிஃப் தலைமடக்கு. பேஸ் கிடாரில் மட்டும் வருவது பேஸ் மடக்கு. ரிஃப்பை வைத்தே கட்டிய பாட்டு மடக்குப் பாட்டு. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஒரே சுர வடிவம் விடாமல் திரும்ப வரும் ஆஸ்டினாட்டோ என்பதையும் இதன்கீழ் கொண்டுவரலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பியானோ, வயலின் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாட்டின் இரண்டு பகுதிகளை இணைக்கும் இடைப்பகுதியான பிரிட்ஜ் என்பதற்கும் இந்த இழையில் சொல் கேட்டிருந்தீர்கள். குட்பை தொகுப்பில் இருக்கும் 'பேட்ஜ்' பாட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தச் சொல்லால்தான். கிளாப்டனும் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, ஹாரிசன் தாளில் பிரிட்ஜ் என்று குறித்ததை எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்த கிளாப்டன் பேட்ஜ் என்று படித்துவிட்டார். அதற்கு 'பாலம்' என்றே நேராக வைக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.

அகராதிக்கு நான் எழுதிவைத்திருக்கும் விளக்கம் இது: 'சுரமடக்கு – பாட்டைத் தாங்கும் வகையில், ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் குறுகிய சுர வரி, அடியிலுள்ள ஆதாரமோ மேலே வரும் குரலோ மாறும்போது அதன் உணர்வும் மாறும்.' திருத்தம் இருந்தால் வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நாகசுரம், வீணை வாசிக்கும் குடும்பங்களில் இப்படித் திரும்ப வரும் பிடிக்கு வழக்கில் வேறு சொல் இருக்கிறதா என்பதையும் விசாரித்துச் சொன்னால் நல்லது. அப்படி ஒன்று கிடைத்தால் என் சொல்லைவிட அதற்கே முதலிடம்.

அன்புடன்.