சாட்டனூகா போனபோது தொலைந்த ஒரு மணி நேரம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லிலிருந்து சாட்டனூகாவுக்குக் காரில் இரண்டு மணி நேரம். ரூபி ஃபால்ஸ் குகைக்கு 11 மணி டிக்கெட் எடுத்திருந்தேன். எட்டரைக்குக் கிளம்பினால் தாராளம் என்று நினைத்தேன். வழியில் வரும் மான்ட்டீகல் மலையிறக்கம் தாண்டிய பிறகு செல்போனைப் பார்த்தால் மணி 11-ஐத் தாண்டியிருக்கிறது!

டென்னசி ஒரே மாநிலம்தான். ஆனால் நாஷ்வில்லில் மத்திய நேரம், சாட்டனூகாவில் கிழக்கு நேரம். இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். "ஒரே ஸ்டேட்டுக்குள்ள ரெண்டு மணியா?" என்று அம்மா கேட்டார். டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணோ "நாஷ்வில்லா?" என்று சிரித்தபடி அடுத்த கூட்டத்தில் சேர்த்துவிட்டார். எங்களைப் போலத் தினமும் நாலு பேராவது வருவார்கள் போல.

லிஃப்டில் 260 அடி கீழே இறங்கினோம். அப்புறம் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு குகை வழி. எதிரே ஒரு கூட்டம் வந்தால் சுவரோடு முதுகை ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கடைசியில் ஒரு பெரிய இருட்டறை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது, முகத்தில் சாரல் படுகிறது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. திடீரென்று விளக்கைப் போட்டார்கள். தலைக்கு மேலே 145 அடி உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. 1928-ல் லியோ லாம்பெர்ட் என்பவர் வேறொரு பழைய குகைக்கு லிஃப்ட் வைக்கத் துளை போட்டபோது தற்செயலாகக் கிடைத்ததாம் இது. மனைவி ரூபியின் பெயரையே வைத்துவிட்டார். விளக்கின் நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, வெறும் வெள்ளை வெளிச்சமே போதும். போய்வர ஏறக்குறைய ஒரு மைல் நடை, மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே மலைமேல் ராக் சிட்டி என்ற பாறைத் தோட்டம் இருக்கிறது. அந்த இடம் ஜார்ஜியா மாநிலத்தில் வருகிறது. ஏழு மாநிலங்கள் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அங்கே பறக்கும் அந்த மாநிலங்களின் ஏழு கொடிகள்தான் நன்றாகத் தெரிந்தன. குண்டானவர்களைக் கேலி செய்து பெயர் வைத்த ஒரு பாறை இடுக்கில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைந்தேன். 1895-லிருந்து ஓடும் மலை ரயிலிலும் ஏறினோம். சில இடங்களில் சரிவு 72.7 சதவீதம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வால்நட் தெருப் பாலம். 1891-ல் திறந்த இரும்புப் பாலம். பழுதாகி 1978-ல் மூடியதை இடித்துத் தள்ளாமல், 1993-ல் நடப்பவர்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். கீழே டென்னசி ஆறு, மேலே நாய்களும் சைக்கிள்களும். இந்த ஊரில் காசு கொடுக்காமல் பார்த்ததில் இதுதான் எனக்கு முதலிடம்.

இரவு 8 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு நாஷ்வில் வந்துவிட்டோம். அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "காலையில புடுங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டான்" என்றார்.